மூணாற்றுப் பெண்டிர் நிழற்படங்களும் பிறநாட்டார் பார்வையும்

வரலாறு எழுதுவோர் சான்றுகளாகக் கொள்வன கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம், அயல்நாட்டார் குறிப்பு என்பன. இவற்றோடு நிழற்படத்தையும் வைத்து எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் நன்கு வேரூன்றவில்லை. கல்வெட்டு ஒன்றைப் படிக்குமுன் அஃது எவ்வூரில், எக்கோயிலில், எச்சுவரில் உள்ளது என்று குறித்துக்கொள்கின்றோம். நிழற்படத்தைப் பொறுத்தவரை இவ்வொழுங்கை மறந்துவிடுகின்றோம். கண்ணாற் கண்டதற்கு விளக்கம் வேண்டா என்னும் எண்ணமே இதற்குக் காரணம் போலும்.

புறநானூறு பயின்றோர் இவ்வாறு எண்ணமாட்டார். பாட்டின் இறுதியில் திணையும் துறையும், பாடினோரும் பாடப்பட்டோரும் குறிக்கப்பட்டிராவிடின் பல பாடல்களின் சூழலை நாம் அறியவே இயலாது. அக்குறிப்புகள் தொகுத்தோரால் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்றும், சிலவிடத்துப் பாட்டோடு பொருந்தாதவை என்றும் கூறுவர். அவ்வாறே ஆயினும், அவற்றைத் துணைக்கொண்டே நாம் மன்னனையும் போரையும் ஊரையும் அடையாளங் காண்கின்றோம். அகப்பாட்டின் மரபு வேறு. அதன்கண் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் காட்டும் நெறி. நெடுநல்வாடையில் தலைவன் பெயர் யாண்டும் இல்லையெனினும், வேலில் கட்டிய வேம்பு பாண்டியனின் அடையாளப்பூ ஆதலின் அப்பாட்டுப் புறமாயிற்று என்பர் நச்சினார்க்கினியர். ஒரு பூ ஒரு நூலின் பொருட்பகுதியையே மாற்றிவிட்டது.

போராட்டத்தைக் காட்டும் நிழற்படம் இயல்பால் புறத்தைச் சார்ந்தது. இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னார்க்கு எதிராக, இன்னது வேண்டி மக்கள் கூடினர் என்பதே அதன் பொருள். அப்படம் கடல் கடந்தபின், குறிப்பாக அதிலுள்ளோர் பெண்டிராயின், அகப்பாட்டைப் போலப் படிக்கப்படுகின்றது. ஊரும் பெயரும் நீங்கி, துயருற்ற அல்லது வெகுண்டெழுந்த ‘ஒரு பெண்’ மட்டும் எஞ்சுகின்றாள். இந்நிகழ்ச்சியைக் கம்பம் பள்ளத்தாக்கின் மேலெல்லையில் 2015ஆம் ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தின் வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இடத்தைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். மதுரை மாவட்டத்திலிருந்து 1996இல் பிரிக்கப்பெற்ற தேனி மாவட்டத்தின் மேற்கெல்லை நெடுகிலும் மலை நிற்கின்றது. மலைக்குக் கீழே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடிநாயக்கனூர். மேலே இன்றைய கேரளத்தின் இடுக்கி மாவட்டம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகள் இரண்டையும் இணைக்கின்றன. கண்ணன் தேவன் மலை என வழங்கும் மூணாற்று மலைப்பகுதியை 1877இல் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து மன்றோ என்னும் ஆங்கிலேயர் பெற்றார். 1897இல் பின்லே குழுமத்தார் அங்குக் கண்ணன் தேவன் கம்பெனியைத் தோற்றுவித்தனர். கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து ஆட்களைத் திரட்டி இப்பள்ளத்தாக்கின் வழியே மலையேற்றினர். மூணாற்றுத் தேயிலையோ எதிர்த்திசையில் இறங்கிற்று. உச்சியிலிருந்து கயிற்றுவழியாகக் கொட்டகுடிக்கு வந்து, அங்கிருந்து வண்டிகளில் போடிக்குச் சென்றது. டாப் ஸ்டேஷன் என்று இன்று சுற்றுலாவினர் அறிந்த இடம் அக்கயிற்றுவழியின் மேல்முனையேயாகும். மூணாற்றிலிருந்து அவ்விடத்திற்குச் சரக்கேற்றிச் சென்ற சிறுபாதை இரயில் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. போடிக்கு இரயில் வந்தது 1928இல். மொழிவழி மாநிலப் பிரிவினை நிகழ்ந்த 1956இல், தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. எனவே மூணாற்றுக் கொழுந்து பறிக்கும் பெண் மொழியால் தமிழச்சி, வாக்கால் கேரளத்தினள், உறவால் போடிக்கும் தேவாரத்திற்கும் கயத்தாற்றுக்கும் உரியவள். இந்த மூன்றும் ஒரு நிழற்படத்தில் தெரிவதில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்க.

2015 செப்டம்பரில் நடந்ததாவது: முன்னாண்டில் 19 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அப்போதைய நாட்கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை விட்டு மூணாறு நகரில் வந்தமர்ந்து, கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்தனர். போடிக்கும் தேனிக்கும் இறங்கிவரும் சாலையும் அதுவே. ஆடவரைத் தம்மோடு அமர அவர்கள் இடங்கொடுக்கவில்லை. மூன்று பெரிய தொழிற்சங்கங்களின் தலைவர்களையும் அண்டவிடவில்லை. நிருவாகத்தின்மீது எவ்வளவு சினமோ அவ்வளவு சினம் தொழிற்சங்கங்களின்மீதும் இருந்தது. கொழுந்துச் சாக்கைச் சுமப்பவர் தாம், பணச்சாக்கைச் சுமப்பவர் தலைவர் என்னும் கருத்தமைந்த முழக்கம் அவர்களிடமிருந்து எழுந்தது. எதிர்க்கட்சித் தலைவராயிருந்த வி. எஸ். அச்சுதானந்தன் மட்டும் வந்து உடன் அமர ஏற்றுக்கொள்ளப்பட்டார். செப்டம்பர் 13ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. போனஸ் 8.33 விழுக்காடும் கருணைத்தொகை 11.67 விழுக்காடும் சேர்ந்து 20 விழுக்காடு கிடைத்தது. நாட்கூலியை 500 ரூபாய் ஆக்குக என்று மீண்டும் தொடங்கிய போராட்டம் அக்டோபரில் 301 ரூபாயில் முடிவுற்றது. லிசி சன்னி, கோமதி, இந்திராணி, இராசேசுவரி முதலியோர் முன்னின்றனர். இவர்களுள் கோமதி அவ்வாண்டு நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வட்டார ஊராட்சி உறுப்பினராக வென்றார்.

அவ்வமைப்பின் பெயரைப் பற்றி ஒரு சொல். மலையாள நாளிதழ்கள் அதனைப் ‘பெம்பிளை ஒருமை’ என்றெழுதின. பெண்பிள்ளை என்பது ணகரம் பகரத்தின்முன் மகரமாகத் திரிந்து பெம்பிள்ளை ஆகி, இதழொலிச் சார்பால் எகரம் ஒகரமாகிப் பொம்பிளை என வழங்குவது நம் பேச்சுவழக்கு. பெட்டி பொட்டியாதல் போல. ஒருமை என்பதும் ஒற்றுமைப் பொருளில் தமிழரிடை வழங்குவதே. ஆகவே மலையாள எழுத்தில் வெளிவந்த அப்பெயர் தோட்டத்துத் தமிழ் வாய்மொழியே என்பது எம் கருத்து. ஆங்கில இதழ்கள் ‘பெண்கள் ஒற்றுமை’ என்று பொருள் பெயர்த்தன. பெயர்ப்பில் பிழையில்லை. ஆனால், யார் பேசிய மொழி என்பதைக் காட்டும் வேம்பம்பூ அங்கேதான் உதிர்ந்துவிட்டது.

இப்போராட்டத்தின் படங்கள் உலகெங்கும் சென்றன. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமான பி.பி.சி. 2015 அக்டோபரில் வெளியிட்ட கட்டுரை, பன்னாட்டு நிறுவனமொன்றை எதிர்த்து வென்ற இந்தியப் பெண்கள் என்னும் பொருள்படத் தலைப்பிட்டது. அது பரிவோடு எழுதப்பட்ட கட்டுரை. அதனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயினும் அத்தலைப்பின் சொற்களை உரையாசிரியர் போல நிறுத்தி நோக்குதல் வேண்டும். ‘இந்தியப் பெண்கள்’ என்றவிடத்துத் தமிழரென்பதும், அவருட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதும், கேரளத்தில் சிறுபான்மையினர் என்பதும் மறைந்தன. ‘பன்னாட்டு நிறுவனம்’ என்றவிடத்து, டாட்டாக் குழுமத்தார் 2005இல் தோட்ட நிருவாகத்தை விட்டபின் எழுந்த புதிய கம்பெனியில் பெரும்பங்கு தொழிலாளர் பெயரிலேயே உள்ளது என்னும் சிக்கல் மறைந்தது. பெயரளவில் தமக்கே உரிய கம்பெனியை எதிர்த்து அப்பெண்கள் சாலையில் அமர்ந்தனர்! ‘எதிர்த்து வென்ற’ என்றவிடத்துத் தொழிற்சங்கங்களோடு நிகழ்ந்த பூசல் பின்தள்ளப்பட்டது. 500 கேட்டு 301 பெற்றதை வெற்றி எனலாமா என்பதும் வினாவே. தலைப்பு என்பது சுருக்கம். எல்லாவற்றையும் அதனுள் அடைக்கலாகாது என்று விடை கூறலாம். ஏற்கத்தக்க விடையே. ஆனால் கட்டுரையை மறந்தவர் நினைவிலும் தலைப்பும் படமும் நிற்கும் என்பதை இதழாளர் நம்மினும் நன்கறிவர்.

பிறநாட்டார் இப்படங்களை வெற்றுக் கண்ணோடு காணவில்லை என்பது அடுத்து நோக்கற்பாலது. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் படம் ஒன்று அவர்கள் மனத்தில் முன்னரே இருந்தது. ஆங்கில நாட்டின் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞரான சூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் அங்கேயே இறந்தார். அவர் கணவர்க்கு அங்குத் தோட்டங்கள் இருந்தன. தாய்நாட்டில் டென்னிசன், டார்வின், எர்செல் முதலிய பெருமக்களை அவர் எடுத்த படங்கள் அவரவர் பெயராலேயே வழங்குகின்றன. களுத்துறையில் 1878ஆம் ஆண்டையொட்டி அவர் எடுத்த படமொன்றின்கீழ், அவர்கள் களுத்துறைக் குடியானவர் என்றும், சிறுமிக்கு வயது 12 என்றும், தந்தை எனப்படும் முதியவர் தமக்கு 100 வயதென்று சொல்கின்றார் என்றும் எழுதப்பட்டுள்ளது. வயதைக் கேட்டறிந்த அம்மையார் பெயரையும் கேட்டிருக்கலாம். கேட்டும் எழுதாது விட்டனரோ, கேட்கவே தோன்றவில்லையோ, அறியோம். முகத்தின் அழகும் ஒளியும் நிழலும் அப்படத்தில் போற்றத்தக்கவை. ஊர் உண்டு, வயது உண்டு, பெயர் இல்லை.

பின்னர் வணிகர் வந்தனர். 1890இல் இலங்கைத் தோட்டங்களை வாங்கிய லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்னும் பொருள்பட விளம்பரம் செய்தார். அவ்விளம்பரங்களில் கொழுந்துக்கூடையும் சேலையும் அணிகலனும் கொண்ட தமிழ்ப்பெண் இடம்பெற்றாள். தாள்களிலும் தகரப் பெட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் அவள் உருவம் வீடுதோறும் சென்றது. அவ்வுருவத்திற்கு மூன்று இலக்கணங்கள் உண்டு: அவள் பெரும்பாலும் தனியள், பச்சைச் செடிகளின் நடுவே நிற்பவள், முகத்தில் அமைதியுடையவள். வேலையின் கடுமையோ கூலியோ அப்படத்தில் இடம்பெற இயலாது. விற்பனைக்குரிய படம் அன்றோ?

மூணாற்றுப் படங்கள் இம்மூன்றையும் மறுத்தன. நூற்றுக்கணக்கானோர் நெருங்கியமர்ந்துள்ளனர். செடியோ கூடையோ இல்லை; தார்ச்சாலையும் கடைகளும் உள்ளன. வாய் திறந்துள்ளது, கை உயர்ந்துள்ளது. தோட்டத்துப் பெண்ணை நகரத்தில் கண்டது உள்நாட்டார்க்கே புதுமையாயிருந்தது. இத்தகைய செய்திகளோடு கொழுந்து பறிக்கும் பெண்ணின் பழைய வகைப் படமொன்றையும் சேர்த்து வெளியிடும் வழக்கத்தை இதழ்களில் காணலாம். தேயிலை பற்றிய செய்தி என்று வாசகர் உணரவேண்டும் என்பதே நோக்கமாயிருக்கும். விளைவு வேறு. சாலையில் அமர்ந்தவள் மீண்டும் தோட்டத்திற்குள் நிறுத்தப்படுகின்றாள். முன்பு அமைதியாயிருந்த ஒருத்தி இன்று சினந்தாள் என்று கதை அமைந்துவிடுகின்றது. கங்காணி காலந்தொட்டு மலையில் நடந்த பூசல்களும், சங்கங்கள் எழுந்த வரலாறும் அக்கதைக்கு வேண்டா. வரலாறு நீங்கிய சினம் மெய்ப்பாடு மட்டுமே. அகப்பாட்டின் தலைவி ஊடலினும் அதற்கு மிகுந்த காரணம் கூறப்படுவதில்லை.

இதே படத்தைத் தேவாரத்திலோ போடியிலோ இருக்கும் உறவினர் ஒருவர் காண்பதாகக் கொள்வோம். எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், யார் மகள், பக்கத்தில் இருப்பவள் அவள் நாத்தியோ என்றே வினவத் தொடங்குவர். பின்னணியில் உள்ள கடையைக் கொண்டு இடத்தையும், வந்தவர்களைக் கொண்டு நாளையும் கணிப்பர். அது புறத்தைப் படிக்கும் முறை. இருவகைப் பார்வையுள் எது சிறந்தது என்பதன்று எம் வினா. வரலாற்றாசிரியன் எதனைச் சான்றாகக் கொள்ளமுடியும் என்பதே வினா.

அடையாளம் நீங்கிய படம் பிறர் கருத்துக்கு எவ்வாறு ஏவல் செய்கின்றது என்பதற்கு 1911ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தக்க சான்று. அவ்வாண்டு ஜூன் 17ஆம் நாள் இலண்டனில் ஏறத்தாழ 40,000 பெண்கள் வாக்குரிமை வேண்டி ஊர்வலம் சென்றனர். அதிற் சேலையணிந்த இந்தியப் பெண்கள் சிலரும் நின்ற படமொன்று உண்டு. அது பிற்காலத்தே ‘வாக்குரிமைக்குப் போராடிய இந்தியப் பெண்கள்’ என்ற குறிப்புடன் பெரிதும் பரவிற்று. சுமிதா முகர்ச்சி என்னும் வரலாற்றறிஞர் இதனை ஆராய்ந்துள்ளார். அவ்வூர்வலம் கேட்டது பிரித்தானியப் பெண்களின் வாக்குரிமையை. முடிசூட்டுவிழாவை ஒட்டி நடந்த அதில், பேரரசின் பரப்பைக் காட்டும் அணியில் இந்தியாவிற்கென இவர்கள் நிறுத்தப்பட்டனர். லோலிதா ராய் முதலிய அப்பெண்டிர் பொதுப்பணியில் ஈடுபட்டவர்களே. எனினும் அன்று அவர்கள் எதற்காக நின்றனர் என்பதும், படம் இன்று எதற்காகக் காட்டப்படுகின்றது என்பதும் ஒன்றல்ல. நூறாண்டு கழித்து நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு வரி, அவர்கள் கேட்காததைக் கேட்டதாக ஆக்கிவிட்டது.

மூணாற்றுக்கு நான்காண்டு முன்னர், 2011 டிசம்பரில், பள்ளத்தாக்கிலேயே பெருங்கிளர்ச்சி நிகழ்ந்தது. 1895 முதல் கம்பம் பள்ளத்தாக்குக்கு நீர்தரும் முல்லைப் பெரியாற்று அணையைப் பற்றிய பூசல் அது. மக்கள் திரள்திரளாகக் குமுளியை நோக்கிச் சென்றனர். பெண்கள் அவர்களுட் பலர். நாள்தோறும் விடியலில் ஜீப்பேறி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்களும் இன்னலுக்கு ஆளாயினர். எல்லை அடைபட்டது, தோட்டங்களில் இருந்தோர் சிலர் காட்டுவழியே இறங்கி வந்தனர். 2015ஆம் ஆண்டுப் படங்கள் பெற்ற இடத்தை அக்காலத்துப் படங்கள் உலக அரங்கில் பெறவில்லை. ஏன்? அணை நீர், இரு மாநிலம், குத்தகை ஒப்பந்தம் என்னும் பொருள்களை நீக்கிவிட்டு அப்படங்களைப் படிக்க முடியாது. ஆடவரும் பெண்டிரும் கலந்து நின்றமையின் ‘பெண்கள் போராட்டம்’ என்ற பெயரும் பொருந்தாது. அவற்றை அகமாக்க இயலவில்லை. ஆகவே அவை பள்ளத்தாக்கிலேயே நின்றுவிட்டன. இது எம் ஊகமே எனினும், எப்படம் பயணம் செய்கின்றது என்பதை முடிவு செய்வதில் நிகழ்ச்சியின் பெருமையைவிடப் பார்ப்போர் மனத்திலுள்ள முன்படிவத்திற்குப் பங்கு மிகுதி என்று கொள்ள இடமுண்டு.

இங்கு ஒரு தடை எழுப்பலாம். பெயரின்றி இருத்தல் போராடுவோர்க்குக் காப்பாதலும் உண்டு. பெயர் தெரிந்தால் வேலை போகும், வழக்கு வரும். உண்மையே. அகமரபின் பெயரின்மையும் ஒருவகைக் காப்புத்தான். ஆயின் அங்கே பெயரை மறைப்பவர் பாட்டின் மாந்தரை மதித்து மறைக்கின்றனர். கேட்டு மறைத்தலும் கேளாது விடுதலும் வேறு. மூணாற்றில் முன்னின்றவர்கள் தம் பெயரை மறைக்கவில்லை. ஒலிவாங்கிகளின்முன் பெயர் சொல்லியே பேசினர்.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் கந்தசுவாமி கோயிலருகே அமர்ந்த தாய்மார் இச்சிக்கலுக்குத் தாமே ஒரு வழி கண்டனர் எனலாம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைக் கையிலேந்தி அவர்கள் அமர்ந்தனர். 1977இல் புவெனசு ஐரிசு நகரச் சதுக்கத்தில் கூடத் தொடங்கிய அன்னையர் வழியும் இதுவே. இவர்களை எவர் படம் எடுத்தாலும் படத்தினுள் இன்னொரு படமும், பலகாலும் பெயரும் தேதியும் சேர்ந்தே விழுகின்றன. செனீவாவில் அதனைக் காண்பவர் அழும் தாயை மட்டும் கண்டு அகல இயலாது. அவள் யாரைக் கேட்கின்றாள் என்பதும் உடன் தெரிகின்றது. பாட்டின் குறிப்பைப் பாட்டினுள்ளேயே வைத்துக் கட்டியது போன்றது இது. உலகம் இதனால் விடை தந்துவிட்டதோ என்றால், இல்லை. படத்தைச் சிதைத்துப் படிப்பது மட்டும் அரிதாயிற்று.

மூணாற்றின் பிற்கதை துயரமானது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவருட் பலரின் மூதாதையர் ஊர் கயத்தாற்றுப் பகுதி. அங்கு வந்த முதலமைச்சரின் ஊர்தியை மறிக்க முயன்ற கோமதி கைது செய்யப்பட்டார். தோட்டத் தொழிலாளர்க்கு நிலமும் வீடும் வேண்டும் என்பது அவர் கேட்டது. 2015இல் உலகம் கண்ட முகங்களுள் ஒன்று அது. ஆயினும் இச்செய்தியை முன்னைய படத்தோடு இணைத்துக் காணப் பெயர் தெரிந்திருத்தல் வேண்டும். பெயரறியாதார்க்கு இரண்டும் தொடர்பற்ற இரு படங்களே.

தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எழுதத் தொடங்கியிருப்பது ஒரு மாற்றம். பீருமேட்டுத் தோட்டத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த மானிடவியலறிஞர் செயசீலன் ராசு, தேயிலை மலைத் தலித் மக்களின் வாழ்க்கை குலைந்ததை ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூலை 2022இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பதிப்பகம் வெளியிட்டுள்ளது. லிப்டன் விளம்பரங்கள் ஒட்டப்பட்ட அதே நகரம்! தமிழில் செய்யவேண்டிய பணி இன்னும் எளிமையானது. ஆனால் காலம் குறுகியது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றோர் லயத்து வீட்டை விட்டு நீங்கவேண்டும். பலர் போடி, தேவாரம், கம்பம் பக்கத்து உறவினரிடம் வந்து சேர்கின்றனர். சிலர் தெற்கே செல்கின்றனர். 2015ஆம் ஆண்டுப் படங்களில் உள்ளோரைப் பார்த்த அளவில் இன்னார் என்று கூறவல்லவர் இவர்களே. முதுகலை மாணவர் இருவர் ஒரு கோடை விடுமுறையில் அப்படங்களின் படிகளோடு இவ்வூர்களுக்குச் செல்லலாம். சம்மதம் தருவோரின் பெயர், எஸ்டேட், டிவிஷன், முன்னோர் ஊர், அன்று அமர்ந்த நாள் ஆகியவற்றைக் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறத்தும் மையால் எழுதி வருவார்களாயின், அப்படிகளைத் துறை நூலகத்தில் வைத்துக் காத்தல் அரிதன்று.